மெனெமென்: துருக்கியின் தக்காளி முட்டைக்கு முழுமையான வழிகாட்டி

மெனெமெனை முட்டைச் சமையல் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்தால் பாதி அப்போதே கெட்டுவிடும். அது தக்காளிச் சமையல். காரம் குறைந்த பச்சை மிளகாயும் தக்காளியும் எண்ணெயில் 15 முதல் 20 நிமிடம் வெந்து, குழைந்து, தண்ணீர் வற்றிய பிறகுதான் முட்டை உள்ளே வருகிறது. அதற்கு அடுப்பில் வேலை 3 நிமிடத்துக்கு மேல் இல்லை. முன்பகுதியைப் பொறுமையாகச் செய்துவிட்டால் பின்பகுதி தானாக அமையும். அவசரப்பட்டால் எவ்வளவு நல்ல முட்டை போட்டாலும் தட்டில் தண்ணீர் நிற்கும்.

துருக்கியின் மேற்கே, ஏஜியன் கடலோரத்து இஸ்மிர் மாகாணத்தில் மெனெமென் என்றே ஓர் ஊர் இருக்கிறது. கெதிஸ் ஆறு கடலில் கலப்பதற்கு முன் விரியும் சமவெளி அது. காய்கறிக்கும் மண்பாண்டத்துக்கும் பேர்போன இடம். சமையலின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தாலும் இன்று துருக்கி முழுவதற்கும் இது பொதுச் சொத்து. கஹ்வால்தி எனப்படும் அவர்களுடைய நீண்ட காலை உணவில் ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெள்ளரி, தேன், பழப்பாகு எல்லாம் சிறு சிறு தட்டுகளில் பரப்பியிருக்க, நடுவில் சூடாக வந்து உட்காருவது மெனெமென். ஊரைவிட்டு வந்து அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் இரவு உணவாகவும் இதைச் செய்துகொள்கிறார்கள். ஒரே ஒரு பாத்திரம், மலிவான சாமான், அரை மணி நேரம்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு சமையல்களை முதலில் விலக்கிவிடுவோம். வட ஆப்பிரிக்காவின் ஷக்ஷூகாவிலும் தக்காளிக் கலவைதான். ஆனால் அங்கே முட்டையைக் கலக்குவதில்லை, முழுதாக உடைத்து ஊற்றி அப்படியே வேகவிடுவார்கள். (துருக்கியிலும் ஷக்ஷூகா என்று ஒன்று உண்டு. அது கத்தரிக்காயைப் பொரித்துத் தக்காளிச் சாற்றில் சேர்ப்பது. அதில் முட்டையே இல்லை.) இன்னொன்று நம் வீட்டு முட்டைப் பொடிமாஸ். அதில் ஈரம் போய் முட்டை உதிரியாக வரவேண்டும். மெனெமெனில் உதிர்ந்தால் தவறு. ரொட்டியைப் பிய்த்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வருமளவுக்குக் குழைவாக, பளபளப்பாக இருக்கவேண்டும். பொடிமாஸ் செய்து பழகிய கை இங்கே அடுப்பை இரண்டு நிமிடம் முன்னதாகவே அணைக்கவேண்டும்.

தண்ணீர் என்ன செய்கிறது

பழுத்த தக்காளியில் ஏறக்குறைய 94 சதவீதம் தண்ணீர். அரை கிலோ தக்காளியை வாணலியில் போட்டால் கிட்டத்தட்ட 470 கிராம் தண்ணீரைப் போட்டதாகக் கணக்கு. அதில் கணிசமான பங்கு ஆவியாகிப் போகவேண்டும்.

போகாமல் முட்டையை ஊற்றினால் என்ன ஆகும்? வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும். மஞ்சள்கரு 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகும். கொதிக்கும் தக்காளித் தண்ணீரோ 100 டிகிரி. முட்டை அதில் விழுந்ததும் சிறு சிறு துணுக்குகளாக இறுகிவிடும், தக்காளியோடு ஒன்று சேராது. தண்ணீர் வற்றட்டும் என்று நீங்கள் அடுப்பை மேலும் எரியவிடுவீர்கள். அதற்குள் முட்டையின் புரதம் அளவுக்கு மீறி இறுகி, தன்னிடமிருந்த நீரையும் பிழிந்து வெளியே விடும். ஆக, தண்ணீரைக் குறைக்கச் செய்யும் வேலையே தண்ணீரைக் கூட்டிவிடும். தக்காளியின் புளிப்பும் முட்டையைச் சீக்கிரம் இறுகவைப்பது, எனவே தப்பு செய்ய இடம் இன்னும் குறைவு.

கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்: அகலமான பாத்திரம், மூடி போடாமை, உப்பு போடும் நேரம், தக்காளியைத் துருவுவது, கடைசியில் தீயைக் குறைப்பது.

சாமான்கள் (இருவருக்கு)

முட்டை 4. நன்றாகப் பழுத்த தக்காளி 500 கிராம், அதாவது நடுத்தர அளவில் 4 அல்லது 5. முட்டைக்கு ஒரு தக்காளி என்று நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனை பேருக்கும் கணக்குப் போட்டுவிடலாம். காரம் குறைந்த பச்சை மிளகாய் 100 கிராம். ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 1 மேசைக்கரண்டி. உப்பு முக்கால் தேக்கரண்டி. மிளகாய்த் துகள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. வெங்காயம் வேண்டுமா என்பது பெரிய பேச்சு, பிறகு வருகிறேன்.

தக்காளியில் கஞ்சத்தனம் கூடாது. துருக்கியில் இதைக் கோடையில் செய்தால் ஒரு ருசி, குளிர்காலத்தில் செய்தால் வேறு ருசி என்று சொல்வார்கள், காரணம் தக்காளிதான். நம் சந்தையில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி இரண்டும் கிடைக்கும். நாட்டுத் தக்காளிக்கு மணமும் சாறும் அதிகம், புளிப்பும் அதிகம். பெங்களூர்த் தக்காளிக்குச் சதை அதிகம், சுவை மட்டு. எனக்குப் பிடித்தது இரண்டும் பாதிப் பாதி. எதுவானாலும் அழுத்தினால் விட்டுக்கொடுக்குமளவு பழுத்திருக்கவேண்டும். காயாக இருந்தால் இரண்டு நாள் வெளியே வைத்துப் பழுக்கவிட்டுப் பிறகு சமையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் மணம் போய்விடும்.

துருக்கியில் போடும் மிளகாய் சிவ்ரி பிபெர்: விரலைவிட நீளம், மெல்லிய தோல், வெளிர்ப்பச்சை, காரம் மிகக் குறைவு. அதற்கு மிக நெருங்கியது நம் பஜ்ஜி மிளகாய். தோல் சற்றுத் தடிப்பு என்பதால் இரண்டு நிமிடம் கூடுதலாக வதக்கவேண்டும், அவ்வளவுதான். குடைமிளகாய் போடலாம், ஆனால் அதன் வாசனை முன்னால் வந்து நிற்கும், ஆகவே அளவைச் சற்றுக் குறையுங்கள். சமையலுக்குப் போடும் காரமான பச்சை மிளகாயை இதற்குப் பதிலாகப் போடமுடியாது. காரம் விரும்பினால் அதில் ஒன்றைக் கீறிச் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே மிளகாய் காரத்துக்காக அல்ல, காய்கறியாகவே வருகிறது.

இதில் சேர்க்கும் மிளகாய்த் துகளுக்குத் துருக்கியில் புல் பிபெர் என்று பெயர். கடையில் கிடைக்கும் பீட்சா மிளகாய்த் துகள் அதைவிடக் காய்ந்தது, காரம் மிகுந்தது. காஷ்மீரி மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாக இடித்து, சில துளி எண்ணெயும் சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசறினால் நிறமும் குணமும் கிட்டத்தட்ட வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஏஜியன் கரைக்காரர்கள் ஆலிவ் எண்ணெயை விடமாட்டார்கள், அவர்கள் நிலமே ஆலிவ் தோப்பு. வேறு பல வீடுகளில் வெண்ணெய். இரண்டும் சேர்த்தால் நன்றாக இருக்கிறது: மிளகாயை எண்ணெயில் வதக்கி, வெண்ணெயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதற்குச் சேராது. அவற்றின் மணம் தக்காளியை அமுக்கிவிடும். ஆலிவ் இல்லையென்றால் சூரியகாந்தி எண்ணெய் போதும்.

பாத்திரம்

துருக்கியில் சஹான் என்று இரண்டு காது வைத்த, ஆழமில்லாத செம்புத் தட்டில் செய்து, அப்படியே மேசைக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கும். தக்காளியின் புளிப்பு பூச்சில்லாத செம்பில் பட்டால் செம்பு உணவில் இறங்கும். ஆகவே அலங்காரத்துக்கு வாங்கிய செம்புப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவற்றில் 24 முதல் 26 செ.மீ. அகலமுள்ள நான்ஸ்டிக் வாணலி அல்லது அடிகனமான ஸ்டீல் வாணலி போதும். அகலம் முக்கியம், ஆழம் அல்ல. பரப்பு கூடினால்தான் ஆவி சீக்கிரம் போகும். நன்றாகப் பழகிய இரும்புச் சட்டியில் செய்யலாம். புது இரும்பானால் புளிப்பு பட்டு முட்டை கறுக்கும், உலோகச் சுவையும் ஏறும். அலுமினியமும் இண்டாலியமும் வேண்டாம்.

செய்முறை

தக்காளியிலிருந்து தொடங்குவோம். பாதியை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காய்த்துருவியில் வைத்துத் தேயுங்கள். சதை கீழே விழும், தோல் கையில் நின்றுவிடும். வெந்நீரில் போட்டுத் தோலுரிக்கும் வேலை மிச்சம். மீதிப் பாதியைக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். துருவியது குழைந்து சாறாகும். நறுக்கியது வாயில் தட்டுப்படும் துண்டாக நிற்கும். இரண்டும் வேண்டும். எல்லாவற்றையும் துருவினால் சட்னி போலாகிவிடும், எல்லாவற்றையும் நறுக்கினால் முட்டை ஒட்டுவதற்குச் சாறு இருக்காது. நறுக்கும் பாதிக்குத் தோல் பிடிக்காதவர்கள் 30 விநாடி கொதிநீரில் போட்டெடுத்து உரித்துக்கொள்ளலாம். மிக்ஸியில் அடிக்காதீர்கள்: காற்று கலந்து நுரைத்து, நிறம் வெளிறி, விதையும் அரைபட்டுக் கசக்கும்.

மிளகாயின் காம்பையும் விதையையும் நீக்கி, அரை செ.மீ. அகல வளையங்களாக நறுக்குங்கள். முட்டைகளை முன்கூட்டியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்திருங்கள். குளிர்ந்த முட்டை வாணலியின் சூட்டைச் சட்டென்று இறக்கி, வேகும் நேரத்தை நீட்டிவிடும்.

வாணலியை மிதமான தீயில் வைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி, மிளகாயைப் போடுங்கள். 6 அல்லது 7 நிமிடம் வதக்கவேண்டும். தோலில் அங்கங்கே கொப்புளம் வந்து, பச்சை நிறம் மங்கி, இனிப்பான வாசனை கிளம்பும்போது சரி. இந்தக் கட்டத்தைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். தக்காளி விழுந்த பிறகு மிளகாய் வதங்காது, அவியும். பச்சை வாசனை கடைசிவரை போகாது. புளிப்பான சாற்றில் காய்களின் தோல் மென்மையாவதும் தாமதப்படும். எனவே மிளகாயின் வேலையை மிளகாய் தனியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இனி தக்காளி முழுவதும், கூடவே உப்பு. உப்பு இப்போதே விழுந்தால் துண்டுகளிலிருந்து நீரை இழுத்து வெளியே கொண்டுவரும், வற்றுவது எளிதாகும். தீயை நடுத்தரத்துக்குச் சற்று மேலே வைத்து, மூடி போடாமல், இடையிடையே கிளறியபடி 10 முதல் 12 நிமிடம் விடுங்கள். முதலில் சலசலவென்று கொதிக்கும் சத்தம். வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி, சத்தம் தணிந்து ‘பொத் பொத்’ என்று கேட்கும். ஓரங்களில் எண்ணெய் மெல்லிய சிவப்புக் கோடாகப் பிரியத் தொடங்கும்.

கடிகாரத்தை நம்பாதீர்கள், கரண்டியை நம்புங்கள். மரக்கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். சாறு உடனே ஓடிவந்து மூடினால் இன்னும் ஆகவில்லை. கோடு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு மெதுவாக மூடினால் நேரம் வந்துவிட்டது. கோடு மூடவே இல்லையென்றால் தொக்குப் பதத்துக்குப் போய்விட்டது. இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுத் தளர்த்துங்கள். எண்ணெய் முழுவதும் பிரிந்து வரும்வரை விடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அதற்குக் கொஞ்சம் முன்னதாக நிறுத்தவேண்டும்.

இப்போது ருசி பாருங்கள். முட்டை விழுந்த பிறகு திருத்தம் செய்ய நேரம் இருக்காது. புளிப்பு தூக்கலாக இருந்தால் கால் தேக்கரண்டி சர்க்கரை. முட்டைக்கும் சேர்த்து உப்பு வேண்டும் என்பதால் கலவை இந்த நேரத்தில் சற்றே உப்புக் கரிப்பாக இருக்கலாம். பாலாடைக்கட்டி போடப்போகிறீர்கள் என்றால் கரிக்கக்கூடாது. மிளகாய்த் துகளையும் வெண்ணெயையும் சேர்த்துக் கிளறி, தீயைச் சிறிதாக்குங்கள்.

முட்டையை எப்படிச் சேர்ப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. கிண்ணத்தில் அடித்து ஊற்றுபவர்கள் ஒரு பக்கம். நேரே வாணலியில் உடைத்து ஊற்றுபவர்கள் இன்னொரு பக்கம். அடித்து ஊற்றினால் எல்லாம் ஒரே நிறமாக, கிரீம் போல வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வெள்ளை வெள்ளையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் தனித்தனியே தெரிய, சில வாய்க்கு மஞ்சள்கருவின் கொழுப்பு மட்டும் வந்து விழும்.

அதற்கு இப்படிச் செய்யுங்கள். நான்கு முட்டைகளையும் கலவையின் மேல் இடம் விட்டு உடைத்து ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். வெள்ளைக்கருவின் அடி இறுகத் தொடங்கியதும், மஞ்சள்கருவைத் தொடாமல், வெள்ளையை மட்டும் மரக்கரண்டியின் ஓரத்தால் தக்காளிக்குள் மெதுவாக இழுத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அது முக்கால்வாசி வெந்துவிடும். பிறகு மஞ்சள்கருக்களை உடைத்து, வெளியிலிருந்து உள்நோக்கி நான்கைந்து முறை பெரிய வீச்சாகத் திருப்புங்கள். வேகமாகக் கிளறினால் தக்காளியும் முட்டையும் கரைந்து ஒரே இளஞ்சிவப்புக் கூழாகிவிடும்.

இன்னும் ஈரமாக, பளபளவென்று இருக்கும்போதே அடுப்பை அணையுங்கள். பாத்திரத்தின் சூடு இன்னும் ஒரு நிமிடம் வேகவைக்கும். இரும்பும் கனமான ஸ்டீலும் சூட்டை அதிகம் பிடித்து வைத்திருப்பவை, அவற்றில் இன்னும் முன்னதாக அணைக்கவேண்டும். கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், வயதானவர்களுக்கு என்றால் மட்டும் இந்தப் பதம் வேண்டாம். முட்டை முழுக்க வெந்து 71 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகே இறக்குங்கள். அவர்களுக்கு அடித்து ஊற்றும் முறைதான் வசதி, எங்கும் ஒரே சீராக வேகும்.

மிளகுத்தூள் தூவி, விரும்பினால் பார்ஸ்லி கொஞ்சம். கொத்தமல்லித்தழை போட்டால் சுவை கெடாது. ஆனால் நம் ஊர் மணம் வந்துவிடும்.

வெங்காயப் பிரச்சினை

வெங்காயம் போட்டால் அது மெனெமெனே இல்லை என்று சொல்பவர்களும், போடாமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பவர்களும் துருக்கியில் சரிபாதி. இதைச் சும்மா சொல்லவில்லை. 2018-இல் வேதாத் மிலோர் என்ற பிரபல உணவு விமர்சகர் ட்விட்டரில் இதே கேள்வியை வாக்கெடுப்புக்கு விட்டார். 4 லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. வெங்காயம் 51 சதவீதம், வெங்காயமில்லாமல் 49 சதவீதம். அதோடு சர்ச்சை ஓயவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

என் முடிவு தக்காளியைப் பொறுத்தது. தக்காளி இனிப்பும் மணமுமாகப் பழுத்திருந்தால் வெங்காயம் தேவையே இல்லை; அது தக்காளியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தக்காளி சுமாராகவோ புளிப்பு மிகுந்தோ இருந்தால் ஒரு சிறு வெங்காயம் பெரிய உதவி. பெரிய வெங்காயத்தில் சிறியதாக ஒன்றை எடுத்துப் பொடியாக நறுக்கி, மிளகாய்க்கு முன்பே எண்ணெயில் போட்டு, சிறு தீயில் கண்ணாடி போலாகும்வரை 6 நிமிடம் வதக்குங்கள். பொன்னிறம் ஆகக்கூடாது. அப்படி ஆகிவிட்டால் குருமா வாசனை வந்துவிடும், பிறகு இது வேறு சமையல். பூண்டும் அப்படித்தான்; சில வீடுகளில் போடுகிறார்கள், நான் போடுவதில்லை. இஞ்சி, மஞ்சள்தூள், கரம் மசாலா எதற்கும் இதில் இடமில்லை.

பாலாடைக்கட்டியும் இறைச்சியும்

பெயாஸ் பெய்னிர் என்ற உப்புநீரில் ஊறிய வெள்ளைப் பாலாடைக்கட்டியை 50 கிராம் உதிர்த்து, அடுப்பை அணைக்கும் தறுவாயில் போட்டால் அருமை. இங்கே கிடைக்கும் ஃபெட்டா அதற்கு இணை. பனீர் பார்வைக்கு அதே மாதிரி. உப்பும் புளிப்பும் இல்லாததால் சப்பென்றிருக்கும். பனீர்தான் இருக்கிறது என்றால் உதிர்த்து, உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிறகு போடுங்கள். உருகி இழுபடவேண்டும் என்பவர்கள் அங்கே கஷார் போடுவார்கள். துருவிய மொசரெல்லா ஏறக்குறைய அந்த வேலையைச் செய்யும்.

சுஜூக் என்பது பூண்டும் சீரகமும் மிளகாயும் சேர்த்துக் காயவைத்த மாட்டிறைச்சித் தொத்திறைச்சி. அதை வட்டமாக நறுக்கி முதலில் வாணலியில் போட்டு, அதன் கொழுப்பு இறங்கியதும் எடுத்து வைத்து, அந்தக் கொழுப்பிலேயே மிளகாயை வதக்கினால் வேறொரு தரத்துக்குப் போகும். அப்போது எண்ணெயையும் உப்பையும் பாதியாகக் குறைக்கவேண்டும்.

எப்படிச் சாப்பிடுவது

வாணலியோடு மேசைக்கு. தட்டில் மாற்றினால் ஆறிவிடும். மேல்தோல் மொறுமொறுவென்றும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும் ரொட்டியைக் கையால் பிய்த்து, நேரே வாணலியில் தோய்த்து எடுத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். எள் ஒட்டிய வளைய ரொட்டியான சிமித்தும் பொருத்தம். நம்மிடம் பேக்கரியில் பெரிய முழு பிரட் வாங்கித் தடிப்பாக நறுக்கிச் சுட்டுக்கொள்ளலாம். இனிப்புச் சேர்த்த சாண்ட்விச் பிரட் சரிப்படாது. கூடக் குடிக்கப் பால் சேர்க்காத கறுப்புத் தேநீர்.

கூட்டத்துக்குச் செய்வதானால்

8 பேருக்குச் செய்யும்போது தக்காளியை நாலு மடங்கு போட்டுவிட்டு அதே வாணலியில் நின்றால் தண்ணீர் வற்ற முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் மிளகாய் கரைந்துவிடும். அகலமான பெரிய பாத்திரத்தில் மிளகாய், தக்காளிக் கலவையை மட்டும் முன்பே செய்துவைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட உட்காரும்போது இருவருக்கு ஒன்றாக வாணலியில் எடுத்துச் சூடாக்கி முட்டையை ஊற்றுங்கள். ஒவ்வொரு வாணலிக்கும் 4 நிமிடம்தான். 16 முட்டையை ஒரே பாத்திரத்தில் ஊற்றினால் அடியில் இருப்பது ரப்பராகும்போது மேலே இருப்பது பச்சையாக இருக்கும்.

துருக்கியில் கோடை முடிவில் வீடுதோறும் இந்தக் கலவையைக் காய்ச்சிக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்துக் குளிர்காலத்துக்கு வைப்பார்கள். பழக்கமில்லாதவர்கள் புட்டியில் அடைக்க முயலவேண்டாம் என்பேன். தக்காளிக்குப் புளிப்பு உண்டு, மிளகாய்க்கு இல்லை. இரண்டும் கலந்ததைச் சரியாகச் சூடுபடுத்தாமல் காற்றுப் புகாமல் அடைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சு உண்டாக இடமிருக்கிறது. எடுத்து வைக்க ஃப்ரீசர் போதும். தக்காளி மலிவாகக் கிடைக்கும் மாதத்தில் இரண்டு மூன்று கிலோ வாங்கி, மேலே சொன்ன கோடு நிற்கும் பதத்துக்குச் சற்று முன்னால் இறக்கி, நன்றாக ஆறவிட்டு, இருவருக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறையவையுங்கள். 3 மாதம்வரை மணம் குறையாமல் இருக்கும். வேண்டிய நாளில் முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் வாணலியில் ஊற்றி, உருகிய நீர் வற்றும்வரை சூடாக்கியபின் முட்டை. முட்டை சேர்த்த மெனெமெனை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். மறுபடி சூடாக்கினால் இறுகித் தண்ணீர் விடும். செய்ததை அப்போதே சாப்பிட்டு முடியுங்கள்.